‘தி டூம்ஸ்டே ஃபிளைட்’ (1966): தரையிறங்க முடியாத விமானம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தப் படம்? தியேட்டரில் ஓடியதா?

இல்லை. அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சிக்கென்றே யுனிவர்சல் நிறுவனம் எடுத்த படம். 1966 டிசம்பர் 13 இரவு ஒளிபரப்பானது. எழுதியவர் ராட் செர்லிங், இயக்கியவர் வில்லியம் கிரஹாம். தொலைக்காட்சிக்காகவே முழுநீளப் படம் எடுக்கும் வழக்கம் அமெரிக்காவில் அப்போதுதான் தலையெடுத்திருந்தது. அதுவரை வீட்டுப் பெட்டியில் வந்தது தொடர்களும், தியேட்டரில் ஓடி முடிந்த பழைய படங்களும்தான். அதனால் புத்தம்புதுப் படம் ஒன்று நேராக வீட்டுக்கே வருகிறது என்பதே அன்று பெரிய ஈர்ப்பு.

விமானத்துக்குள் ஆபத்து என்ற வகையில் இதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ படங்கள் உண்டு. இந்த ஒன்றைத் தனியாக எடுத்துப் பேச வேண்டியிருப்பதற்குக் காரணம், படம் முடிந்த பிறகு வெளியே நடந்தவை. அதையெல்லாம் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கதை என்ன?

முடிவையும் சேர்த்தே சொல்லப்போகிறேன். படம் பார்த்துவிட்டுத்தான் படிப்பேன் என்பவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிவிடலாம். ஆனால் முடிவு தெரியாமல் பின்னால் வரும் எதுவும் புரியாது.

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு பயணிகள் விமானம் கிளம்புகிறது. அது மேலே ஏறிய பிறகு விமான நிறுவனத்துக்கு ஒரு போன். உள்ளே குண்டு இருக்கிறது, விமானம் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே இறங்கினால் வெடிக்கும், இடத்தைச் சொல்ல வேண்டுமானால் ஒரு லட்சம் டாலர் கொடுங்கள் என்கிறான் பேசுகிறவன். வேலையை இழந்து மனம் கசந்துபோன ஒரு பொறியாளன் அவன். எட்மண்ட் ஓப்ரையன் நடித்திருக்கிறார். அவனைத் தேடும் எஃப்பிஐ அதிகாரியாக ஜாக் லார்ட், விமானியாக வான் ஜான்சன்.

மேலே விமான ஊழியர்கள் குண்டைத் தேடுகிறார்கள். கீழே போலீஸ் ஆளைத் தேடுகிறது. எரிபொருள் குறைந்துகொண்டே போகிறது. குண்டு இருக்கும் இடத்தைச் சொல்லாமலே அந்த ஆள் ஒரு மதுக்கடையில் மாரடைப்பு வந்து இறந்துவிடுகிறான். இனி கேட்க ஆளில்லை. அப்போதுதான் விடை வருகிறது: விமானத்தை டென்வரில் இறக்குங்கள். அந்த ஊரே குண்டுக்குக் குறித்த உயரத்தைவிட மேலே இருக்கிறது.

இதில் என்ன புதுமை? குண்டு வைத்த கதைகள் நிறைய இருக்கின்றனவே?

கடிகாரம் வைத்த குண்டு என்றால் எப்படியாவது நேரத்துக்குள் இறங்கிவிட்டால் போதும். வழக்கமான விமானப் படத்தில் தரைதான் பத்திரமான இடம். சக்கரம் ஓடுதளத்தைத் தொட்டதும் பயணிகள் கைதட்டுவார்கள், படம் முடிந்துவிடும். செர்லிங் அந்தத் தரையையே ஆபத்தாக மாற்றிவிட்டார். மேலே இருக்கும்வரை ஒன்றும் ஆகாது, ஆனால் எத்தனை நேரம்தான் மேலே இருக்க முடியும்? எரிபொருள் முள் கீழே வர வர, எந்த வில்லனும் எதுவும் செய்யாமலே பதற்றம் தானாக ஏறுகிறது.

தொலைக்காட்சிக்கு இது எவ்வளவு தோதாக அமைந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். பெரிய அரங்கு எதுவும் வேண்டாம். விமானி அறை, பயணிகள் பகுதி, ஒரு அலுவலகம், ஒரு டெலிபோன், ஒரு மதுக்கடை போதும். விளம்பர இடைவேளை எங்கே வந்தாலும், திரும்பி வரும்போது விமானம் இன்னும் மேலேதான் இருக்கும், எரிபொருள் இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கும். சின்னத் திரையில் முகங்களைத்தான் நெருக்கமாகக் காட்ட முடியும். இந்தக் கதைக்கு முகங்கள்தான் தேவை.

கீழே போனால் ஆபத்து, நின்றால் ஆபத்து என்ற இதே கணக்கை வைத்துப் பிற்பாடு வேகம் குறைந்தால் வெடிக்கும் ரயில், வேகம் குறைந்தால் வெடிக்கும் பேருந்து என்றெல்லாம் படங்கள் வந்ததை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

ராட் செர்லிங் யார்?

1959 முதல் 1964 வரை ஓடிய ‘தி ட்விலைட் ஸோன்’ தொடரை உருவாக்கி, தானே கதைசொல்லியாக வந்து ஒவ்வொரு கதையையும் அறிமுகம் செய்தவர். இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படைவீரராகப் பிலிப்பைன்ஸில் போரிட்டவர். அவருடைய அண்ணன் ராபர்ட் செர்லிங் விமானத் துறைச் செய்தியாளர். விமானங்களைப் பற்றியே நிறைய எழுதியவர். விமானி அறையில் எப்படிப் பேசுவார்கள் என்பது ராட் செர்லிங்குக்கு வீட்டுக்குள்ளேயே கிடைத்த விஷயம். ட்விலைட் ஸோனில் காலம் தவறிப் பறக்கும் விமானத்தைப் பற்றிய ஒரு கதைக்கு அண்ணன்தான் தொழில்நுட்பப் பேச்சில் உதவினார்.

விமானம் இறங்குவது உள்ளே இருக்கும் பொருளுக்கு எப்படித் தெரியும்? டென்வரில் மட்டும் ஏன் வெடிக்காது?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. நியாயமான கேள்விதான். காற்றழுத்தம்தான் பதில். உயரம் கூடினால் அழுத்தம் குறையும்.

ஆனால் விமானத்துக்கு உள்ளே வெளிக்காற்றின் அழுத்தம் இருப்பதில்லை. 35,000 அடியில் பறந்தாலும், பயணிகள் மூச்சுவிட வேண்டும் என்பதற்காக உள்ளே ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போன்ற அழுத்தத்தை வைத்திருப்பார்கள். விமானம் இறங்க இறங்க, அந்த அழுத்தத்தை மெதுவாகக் கூட்டி, இறங்கப்போகும் ஊரின் அழுத்தத்துக்குச் சரியாகக் கொண்டுவருவார்கள். தரையிறங்கும் நேரத்தில் காது அடைப்பதும், எச்சில் விழுங்கினால் திறப்பதும், பின் சீட்டில் கைக்குழந்தை வீறிட்டு அழுவதும் இதனால்தான்.

நியூயார்க் கடல்மட்டத்தில் இருக்கிற ஊர். அங்கே இறங்கினால் உள் அழுத்தம் கடல்மட்டத்துக்கு வந்தே தீரும். டென்வர் அப்படியில்லை. ஒரு மைல் உயரத்தில், அதாவது 5,280 அடியில் இருக்கும் நகரம் அது. அன்றைக்கு அங்கிருந்த ஸ்டேபிள்டன் விமான நிலையம் 5,300 அடிக்கும் கொஞ்சம் மேலே. அங்கே இறங்கி நின்றாலும், அழுத்தத்தைப் பொறுத்தவரை அந்த விமானம் இன்னும் ‘மேலே’தான் இருக்கிறது. பூகோளப் புத்தகத்தில் யாரும் படித்திருக்கக்கூடிய ஒரு சாதாரண விவரத்தை வைத்து முடிச்சை அவிழ்த்தார் பாருங்கள், அந்த இடத்தில் செர்லிங் உண்மையிலேயே பெரிய எழுத்தாளர்.

டென்வர்தான் வேண்டுமா?

உயரத்தில் இருக்கும் விமான நிலையங்கள் வேறும் உண்டு. மெக்சிகோ நகரம் 7,300 அடிக்கு மேல், பொலிவியாவின் எல் ஆல்டோ 13,000 அடிக்கு மேல். ஆனால் லாஸ் ஏஞ்சலிஸ் – நியூயார்க் வழியில் போகும் ஒரு விமானத்துக்கு அருகில் இருக்கும் பெரிய ஊர் டென்வர்தான்.

1966-இல் விமானத்துக்குள் குண்டு கொண்டுபோவது அவ்வளவு சுலபமா?

சுலபம்தான். அமெரிக்காவில் எல்லாப் பயணிகளையும் அவர்கள் கைப்பைகளையும் சோதிப்பது கட்டாயமானது 1973 ஜனவரியில். அதற்கு முன் டிக்கெட்டைக் காட்டிவிட்டு நேராக நடந்துபோய் ஏறலாம். வழியனுப்ப வந்தவர்களும் விமானத்தின் அருகே வரை போகலாம்.

படம் பார்த்த அமெரிக்கர்களுக்கு இது வெறும் கற்பனையாகவும் இருந்திருக்காது. 1955 நவம்பர் 1 அன்று யுனைடெட் ஏர்லைன்ஸின் 629-ஆம் விமானம் கிளம்பிய சில நிமிடங்களில் வெடித்துச் சிதறி, அதிலிருந்த 44 பேரும் இறந்தார்கள். ஜாக் கில்பர்ட் கிரஹாம் என்பவன் தன் தாயின் பெட்டிக்குள் டைனமைட்டை வைத்து அனுப்பியிருந்தான். தாய் பெயரில் விமான விபத்துக் காப்பீடும் எடுத்திருந்தான். அந்தக் காலத்தில் விமான நிலையத்திலேயே இயந்திரத்தில் காசு போட்டுக் காப்பீடு வாங்கலாம். விமானத்தைக் குண்டு வைத்துத் தகர்ப்பதற்கென்று அப்போது அமெரிக்காவில் மத்தியச் சட்டமே இல்லை. அதனால் 44 பேரைக் கொன்றவனைத் தன் தாயைக் கொன்ற ஒரு குற்றத்துக்காக மட்டும் விசாரித்துத்தான் மரண தண்டனை கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு சட்டம் வந்தது.

அந்த விமானம் கிளம்பிய இடம் டென்வர், அதே ஸ்டேபிள்டன் நிலையம்.

ஒளிபரப்பான இரவு என்ன நடந்தது?

படத்தைப் போட வேண்டாம் என்று விமானிகள் சங்கம் முன்கூட்டியே என்பிசியைக் கேட்டுக்கொண்டது. விமானத்தில் குண்டு என்ற ஒரு பொய் போனே எத்தனை பேரை ஆட்டிவைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். என்பிசி கேட்கவில்லை.

படம் முடிவதற்கு முன்பே முதல் மிரட்டல் போன் வந்துவிட்டது. அடுத்தடுத்த நாட்களில் வெவ்வேறு விமான நிறுவனங்களுக்கு இன்னும் பல போன்கள். அவை எல்லாம் பொய் மிரட்டல்கள், யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் ஒவ்வொரு போனுக்கும் விமானத்தை நிறுத்திப் பெட்டிகளை இறக்கித் தேட வேண்டியிருக்கும். படம் மறுபடி ஒளிபரப்பான இடங்களிலும் இதே கதை தொடர்ந்தது. கண்ணால் பார்ப்பதை மனிதர்கள் எப்படிப் பின்பற்றுகிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, இந்தப் படத்தையே ஓர் உதாரணமாகத் தன் எழுத்துகளில் சுட்டிக்காட்டினார்.

ஆஸ்திரேலியாவில் ஒருவன் இதைச் செய்தே காட்டினான் என்கிறார்களே?

ஆம், பணத்தையும் வாங்கிவிட்டான்.

1971 மே 26. குவாண்டாஸின் போயிங் 707 ஒன்று சிட்னியிலிருந்து ஹாங்காங்குக்குக் கிளம்பியது. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள். தன்னை ‘மிஸ்டர் பிரவுன்’ என்று சொல்லிக்கொண்ட ஒருவன் சிட்னி விமான நிலையத்துக்குப் போன் செய்து, விமானத்தில் குண்டு இருக்கிறது, குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே வந்தால் வெடிக்கும் என்றான். கேட்டது ஐந்து லட்சம் ஆஸ்திரேலிய டாலர்.

இத்தோடு நின்றிருந்தால் இன்னொரு பொய் போன் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் அவன் விமான நிலையத்திலேயே ஒரு லாக்கரைக் குறிப்பிட்டு, திறந்து பாருங்கள் என்றான். திறந்தார்கள். உள்ளே உயரத்துக்கு வேலை செய்யும் நிஜமான குண்டு ஒன்று இருந்தது. இதைப் போலத்தான் விமானத்தில் இருப்பதும் என்று அவன் சொன்னதை அதன் பிறகு யார் நம்பாமல் இருப்பார்கள்?

மேலே ஊழியர்கள் விமானத்தைத் துருவித் துருவித் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. இறங்கவும் முடியாமல் போகவும் முடியாமல் விமானம் மணிக்கணக்கில் வட்டமடித்தது. கீழே குவாண்டாஸ் பணத்துக்கு ஏற்பாடு செய்தது. நிறுவனத்தின் பொது மேலாளர் கேப்டன் ரிச்சியே சூட்கேஸ்களை எடுத்துக்கொண்டு, சிட்னி நகரின் நடுவே, குவாண்டாஸ் தலைமை அலுவலகத்துக்கு வெளியே நின்ற மஞ்சள் நிற ஃபோக்ஸ்வேகன் கோம்பி வேனில் இருந்தவனிடம் கொடுத்தார். வேன் போக்குவரத்துக்குள் கலந்து போய்விட்டது. போலீஸால் பின்தொடர முடியவில்லை. அப்புறம் ஒரு போன் வந்தது. விமானத்தில் குண்டே இல்லை, இறக்கலாம் என்றான் மிஸ்டர் பிரவுன். எரிபொருள் தீரும் நிலையில் விமானம் சிட்னியிலேயே பத்திரமாக இறங்கியது.

ஆளைக் காட்டிக்கொடுத்தது அந்தப் பணமேதான். திடீரென்று விலையுயர்ந்த கார்களும் வீடும் வாங்கத் தொடங்கினால் அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? சில மாதங்களில் பீட்டர் மக்காரி என்ற ஆங்கிலேயனும் கூட்டாளி ஒருவனும் பிடிபட்டார்கள். மக்காரிக்கு 15 ஆண்டு, கூட்டாளிக்கு 7 ஆண்டு சிறை. பணத்தில் ஒரு பகுதியைச் சுவருக்குள் மறைத்துவைத்திருந்த இடத்திலிருந்து எடுத்தார்கள். பெரும் பகுதி கிடைக்கவே இல்லை. யோசனை எங்கிருந்து வந்தது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. படம் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் வந்திருந்தது.

படத்தில் வந்த தீர்வை நிஜத்தில் யாராவது பயன்படுத்தினார்களா?

பயன்படுத்தினார்கள். அதே 1971-இல் ஆகஸ்ட் மாதம், கனடாவின் மாண்ட்ரியலில் படம் ஒளிபரப்பானதை ஒட்டி பிரிட்டிஷ் விமான நிறுவனமான பிஓஏசிக்கு அதே பாணியில் மிரட்டல் வந்தது. லண்டனுக்குக் கிளம்பியிருந்த ஜம்போ ஜெட் அது. நிறுவனம் பணம் கொடுக்கவில்லை. கிழக்கே லண்டனை நோக்கிப் போய்க்கொண்டிருந்த விமானத்தைத் திருப்பி, கண்டத்தின் மேற்குப் பகுதியில் இருக்கும் டென்வருக்கே கொண்டுபோய் இறக்கினார்கள். குண்டு எதுவும் இல்லை.

லண்டன் போகிறோம் என்று ஏறி உட்கார்ந்த அந்தப் பயணிகளை நினைத்துப் பார்க்கிறேன். சொந்தக்காரர்கள் லண்டனில் காத்திருக்க, இவர்கள் ராக்கி மலையடிவாரத்தில் இறங்கி நிற்கிறார்கள்.

படத்தைத் தடை செய்தார்களா?

சட்டப்படி தடை எதுவும் இல்லை. ஆனால் 1971-இல், சிட்னிக்கும் மாண்ட்ரியலுக்கும் பிறகு, அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்ஏஏ, இந்தப் படத்தை இனி ஒளிபரப்ப வேண்டாம் என்று தொலைக்காட்சி நிலையங்களைக் கேட்டுக்கொண்டது. ஒளிபரப்புவதும் விடுவதும் அந்தந்த நிலையத்தின் முடிவாகவே இருந்தது.

செர்லிங் இதைப் பற்றி என்ன சொன்னார்?

வருந்தினார், வெளிப்படையாகவே வருந்தினார். இதை எழுதியதற்குப் பதிலாக ஒரு குதிரைவண்டிக் கதையை எழுதியிருக்கலாம் என்று சொன்னார். எத்தனையோ பேர் ‘கதைதானே’ என்று கையைத் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் அப்படிப் போகவில்லை. 1975-இல், 50 வயதில் இதய நோயால் இறந்தார்.

சரி, குற்றம் படத்தின் மேலா? இப்படிக் கதை எழுதவே கூடாதா?

எழுதலாம் என்பதுதான் என் கருத்து. போன் செய்தவன்தான் குற்றவாளி. மக்காரி ஒரு படம் பார்த்ததால் மட்டும் மக்காரி ஆகவில்லை. கோடிக்கணக்கானவர்கள் அதே படத்தைப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்துத் தூங்கப் போனார்கள்.

அதற்காக என்பிசியை அப்படியே விட்டுவிடவும் எனக்கு மனம் வரவில்லை. விமானிகள் முன்கூட்டியே சொன்னார்கள். அன்று ஒரு தொழிலின் உள்ளே இருந்தவர்கள் கேட்டது சின்ன விஷயம். பயணிகளைச் சோதிக்கும் வழியே இல்லாத ஒரு காலத்தில், ஒரு நாணயத்தைப் போட்டு டெலிபோன் பூத்திலிருந்து ஒரு விமான நிறுவனத்தையே மண்டியிட வைக்கலாம் என்று இத்தனை தெளிவாகக் காட்டினால் அதைப் பரிசோதித்துப் பார்க்க யாராவது கிளம்புவார்கள். குண்டே தேவையில்லை, குண்டு இருக்கிறது என்று சொன்னாலே போதும் என்பதுதான் இந்தக் கதையின் ஓட்டை. அதைத்தான் அத்தனை பேரும் பிடித்துக்கொண்டார்கள். முதல் இரவே போன்கள் வந்த பிறகும், மறுபடி மறுபடி அதே படத்தைப் போட்ட நிலையங்களுக்கு என்ன சாக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்கு இப்படி நடக்குமா?

பைகளைச் சோதிக்கிறார்கள், போன் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள். ஆனாலும் பொய் மிரட்டல் மட்டும் ஓயவில்லை. 2024 அக்டோபரில் இந்திய விமான நிறுவனங்களுக்குச் சில வாரங்களில் நூற்றுக்கணக்கான மிரட்டல்கள் வந்தன. பெரும்பாலும் சமூக ஊடகம் வழியாக. எல்லாம் பொய். ஆனால் நடுவானில் திருப்பிவிடப்பட்ட விமானத்தில் இருந்த பயணிக்கு அது பொய் என்று அப்போது தெரியாது.

இப்போது பார்த்தால் படம் எப்படி இருக்கும்?

மெதுவாக இருக்கும். பயணிகளின் குட்டிக் கதைகள் சில இடங்களில் இழுக்கும். எட்மண்ட் ஓப்ரையனுக்காகப் பாருங்கள். மதுக்கடையில் உட்கார்ந்து, தன் கெட்டிக்காரத்தனத்தை யாரிடமாவது சொல்லிக்கொள்ளத் தவிக்கும் ஒரு மனிதனை அவர் காட்டியிருக்கும் விதம் இன்றும் பழசாகவில்லை. அவனுக்குப் பணத்தைவிட, தான் சொன்னதை நாலு பேர் கேட்க வேண்டும் என்பதுதான் பெரிதாகப் படுகிறது.

குவாண்டாஸ் சம்பவத்தைப் படமாக எடுத்தார்களா?

எடுத்தார்கள். 1980-களின் நடுவில் ‘கால் மீ மிஸ்டர் பிரவுன்’ என்ற பெயரில் ஆஸ்திரேலியாவில் வந்தது. இயக்கியவர் ஸ்காட் ஹிக்ஸ். பிற்பாடு ‘ஷைன்’ எடுத்தாரே, அவரேதான். அதுவும் தொலைக்காட்சிப் படம். செர்லிங்கின் படத்தைப் பார்த்துவிட்டு இதையும் பாருங்கள், வரிசையை மாற்ற வேண்டாம்.